கழிவுள்ள பிள்ளைகள்

கல்வி அலுவலகத்தில் இப்போது என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். தொடக்கப் பள்ளிகளில் வருகை குறைந்துவிட்டதாம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். "உங்க காலத்துல வருகைய எப்படி சார் கூட்டினிய?" என்று கேட்டார். கூட்டுவதும் பெருக்குவதும் துடைப்பத்தால் செய்கிற வேலை என்றேன். அவர் அதையும் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். அவரைக் காப்பாற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியன் அல்ல. நாகர்கோவிலில் படிப்பு, திருவனந்தபுரத்தில் தட்டெழுத்து, ஒரு தாசில்தாரின் கையெழுத்தைப் படித்துப் பழகியதில் கொஞ்ச காலம். சுதந்திரம் வந்த வருடம் பள்ளிகளின் உதவி இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். அப்போது நாங்கள் திருவிதாங்கூர். கொஞ்ச நாளில் திருவிதாங்கூர்-கொச்சி. ஐம்பத்தாறில் சென்னை மாநிலம். மூன்று முத்திரைகளை மாற்றினோம். மேசை ஒன்றுதான், அதன் ஆடுகிற காலும் ஒன்றுதான்.

வருகையைப் பற்றி விதி தெளிவாகவே இருந்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பெயர் கூப்பிட வேண்டும். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும். பெயரை நீக்கினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் குறைவார். ஆகையால் பெயர்கள் நீங்கவில்லை. மதிய வருகையைக் காலையிலேயே போட்டுவிடுகிற தொலைநோக்கு பல தலைமையாசிரியர்களுக்கு இருந்தது. ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த மாணவிக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவம் நடந்தது. அன்றைக்கும் அவள் பள்ளியில் ஆஜர்.

இதையெல்லாம் சரிசெய்ய வந்தவர் இன்ஸ்பெக்டர் மாதவன் பிள்ளை சார். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஏதோ ஊர். கழுத்து மூடிய கோட்டு, கறுப்புக் குடை. பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து முகர்வார். அடுத்தது பிள்ளைகளின் நகம். அதற்கடுத்து ஆசிரியரின் நகம். அது முடிவதற்குள் நான் நாடா பிடித்து அறையின் நீள அகலத்தை அளந்துவிட வேண்டும். பரப்பைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இடம் என்று கிடைக்கும். பிள்ளைகளே வராத பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குக் கல்யாண மண்டபம் அளவு இடம் வந்தது. இடவசதி மிகவும் திருப்திகரம் என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

சார் யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். கோபம் எவ்வளவு என்பதைத் துடைக்கிற நேரத்தை வைத்துக் கணக்கிடலாம். ஒரு தலைமையாசிரியர் அவர் துடைத்து முடிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். தமக்குத் தமிழ் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மலையாளத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் தமிழ் என்பது அவர் கண்ட இலக்கணம். கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களில் அது செல்லுபடியாகும். அங்கே பேச்சே பாதி மலையாளம். கிழக்கே தோவாளைப் பக்கம் வந்தால்தான் சிக்கல்.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. சார் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். விடை சொல்ல யாருக்கு வாய்ப்பு வேண்டும் என்று கேட்க நினைத்தார். வாய்ப்புக்கு மலையாளத்தில் 'அவசரம்' என்று பெயர். "ஆர்க்கு அவசரம் வேணும்?" என்றார். முன்வரிசையில் ஒருவன் கூச்சத்தோடு ஒற்றை விரலைக் காட்டினான். சாருக்கு மகிழ்ச்சி. "நல்லது. எல்லார்க்கும் அவசரம் தரும்" என்றார். வகுப்பு மொத்தமும் வேலிப்பக்கம் ஓடியது.

திரும்பும் வழியில் நான் மெதுவாக விளக்கினேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். கணியாகுளம் வரும்வரை துடைத்தார். பிறகு, "ஞான் கேட்டால் மட்டும் நீ மொழிபெயர்த்தால் மதி" என்றார். மதி என்றால் போதும். வாய்மொழி உத்தரவும் உத்தரவுதான். நான் அதைக் கடைசிவரை மீறவில்லை.

இனி மருதங்குடியிருப்புக்கு வருகிறேன். தோவாளைத் தாலுக்காவில் ஒரு கால்வாய்க் கரை. இக்கரையில் அரசாங்கப் பள்ளி, அக்கரையில் ஒரு மிஷன் பள்ளி, நடுவே போக வர இரண்டு பனந்தடிகளைப் போட்ட பாலம். நாங்கள் ஆய்வுக்கு வருவதை முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பது வழக்கம். இக்கரையில் ஆய்வு என்றால் அக்கரைப் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து வந்து இங்கே உட்காருவார்கள். அக்கரையில் ஆய்வு என்றால் இங்குள்ளவர்கள் அங்கே. இக்கரையில் சரஸ்வதியைக் கும்பிட்ட கூட்டம் அக்கரையில் கண்ணை மூடி ஜெபம் சொல்லும். அய்யாவழி வீட்டுப் பிள்ளைகள் நெற்றி நாமத்தோடு இரண்டு இடத்திலும் 'ஆமென்' வரைக்கும் சரியாகச் சொன்னார்கள். ஊரில் யாருக்கும் இதில் மனவருத்தம் இல்லை. இரண்டு தலைமையாசிரியர்களும் நல்ல சிநேகிதர்கள்.

ஒரு தடவை அடுத்தடுத்த நாட்களில் இரண்டு பள்ளிக்கும் போனோம். இரண்டாம் நாள் அக்கரையில் சார் ஒரு சிறுமியை எழுப்பிப் பாடச் சொன்னார். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நேத்து பாடுனதயா சாரே, வேற பாட்டா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு முன்னறிவிப்பு நின்றது. சொல்லாமல் போனபோது மருதங்குடியிருப்பில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ண இரண்டு கை போதும். வாழைக்குலை வெட்டும் நாட்களில் ஒரு கை. பெண்பிள்ளைகள் அனேகமாக இல்லை. பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை அக்கரைக்கு அனுப்பிவிடலாம் என்று சார் முடிவெடுத்தார். கோப்பில் அதற்கு 'இணைப்பு' என்று தலைப்பு.

இக்கரைப் பள்ளியில் தலைமையாசிரியர் பொன்னையா சார். ஒல்லியான மனிதர், திருவனந்தபுரத்தில் பயிற்சி முடித்தவர், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்பதிலேயே செருப்பைத் தேய்த்தவர். இணைப்புச் செய்தியைச் சொல்லப் போனபோது என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"எனக்கு என்ன வே? எந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டு போட்டாலும் சாக்குக்கட்டி வெள்ளையாத்தான் இருக்கும். மழைக்காலத்துல கால்வா பனந்தடிக்கு மேல போவும். ஆம்பிளப் பயலுவ நீந்திப் போயிருவானுவ. பெட்டப்பிள்ளய ஒரு தாயாவது அனுப்புவாளா? இக்கரைல இருக்கும்போதே அனுப்பல. மூடியாச்சுன்னா இந்த ஊருல ஒரு பெட்டப்பிள்ளைக்கும் எழுத்து கெடையாது. எழுதிக்கிடும்."

"எழுதலாம் வே. அதுக்குப் படிவத்துல இடம் இல்ல" என்றேன்.

அந்த ஊரில் எல்லாம் வாழைதான். பெரிய கை சுயம்பு. வயல்களில் குலையை மொத்தமாக வாங்கி வடசேரி சந்தைக்கு வண்டி ஏற்றுகிறவர். அவர் களத்தில் இரண்டு குவியல் இருக்கும். ஒன்று தரம், இன்னொன்று கழிவு. அடிபட்டது, வெடித்தது, எலி கடித்தது எல்லாம் கழிவு. அந்த ஊரில் வேறு எந்த வசவையும் பொறுப்பார்கள், கழிவு என்று மட்டும் ஒருவரைச் சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர முடியாது.

சுயம்புவின் மகள் பூமணிக்குப் பள்ளி வயது வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. பொன்னையா சார் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். சுயம்பு குலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லத்தாய் கையிலிருந்த வாழைநாரை உதறிக்கொண்டே சொன்னாள்: "பெட்டப்பிள்ள படிச்சு என்ன சாரே செய்யப்போறா? கொலைக்கு வெல எழுதி ஒட்டவா? அவ எண்ணுகதுக்கு எனக்க கூடவே இருந்து படிச்சிட்டா."

"எண்ணத்தெரியும்லா? அப்பொ எழுதவும் பழகட்டும்."

"எழுதிப் பழகினா காயிதம் எழுதுவா. போயிட்டு வாரும்."

பள்ளியை மூடுவதற்கு இரண்டு சடங்குகள் உண்டு. ஒன்று, ஊரைக் கூட்டி அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் எல்லா இன்ஸ்பெக்டர்களும் பேசினார்கள். இரண்டு, அக்கரைப் பள்ளிக்கு நடந்துபோகிற தூரத்தைக் குமாஸ்தா அளந்து சான்று தரவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்திவிடலாம் என்றார் சார். அவர் புளியமரத்தடியில் ஊர்க்கூட்டத்துக்கு உட்கார்ந்தார். நானும் பியூனும் அளவுச் சங்கிலியோடு பாலத்துக்குப் போனோம்.

பாதிப் பாலத்தில் பியூன் கால்வாயில் விழுந்தார். சங்கிலியையும் விடவில்லை. அதனால் நானும் விழுந்தேன். நடந்துபோகிற தூரம் என்ற சொல்லுக்குச் சான்றில் ஒரு சிறு விளக்கம் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே ஈரவேட்டியோடு திரும்பி வந்தால், கூட்டம் முடிந்திருந்தது. சார் முகம் மலர்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவரும் எங்களுக்கு இளநீர் தரவில்லை. அந்த ஊரில் அப்படி நடந்ததில்லை.

பொன்னையா சாரைப் பள்ளிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விசாரித்தேன். நடந்தது இதுதான்.

சார் நல்ல மனிதர். மூடுவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு வாரம் தவணை கொடுக்க நினைத்தார். இங்குள்ள குழந்தைகள் திறமைசாலிகள், பெண்குழந்தைகள் அதைவிடவும் திறமைசாலிகள், அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், நான் இங்கேயே தங்கி ஒரு வாரம் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தார். மலையாளத்தில் திறமைக்குக் 'கழிவு' என்று பெயர், அது தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பார்கள்.

"இவிடெ உள்ள குட்டிகள் எல்லாம் நல்ல கழிவுள்ள குட்டிகள்" என்று சார் தொடங்கியிருக்கிறார். "பெண்குட்டிகள் இன்னும் அதிகம் கழிவு. இவர்க்கு ஒரு அவசரம் வேணும்."

செல்லத்தாய்தான் எழுந்தாளாம்.

"என்ன சொல்லுதிய? எங்க பெட்டப்பிள்ளையள் கழிவா?"

"அதெ, அதெ" என்று சார் சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறார். "ரெம்பக் கழிவு."

சுயம்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாராம். "சாரே, நாளைக்குக் காலத்த இதே எடத்துல இரியும். கழிவா தரமான்னு கொண்டாந்து காட்டுகேன்."

"வளரெ சந்தோஷம்" என்று சார் கைகூப்பியிருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் பொன்னையா சாரிடம் கேட்டேன். "உமக்கு மலையாளம் தெரியும்லா வே? எந்திரிச்சு ஒரு வார்த்த வெளக்கப்பிடாதா?"

"வெளக்கலாம்னுதான் எந்திரிச்சேன். அதுக்குள்ள சுயம்பு 'நாளைக்குக் கொண்டாரேன்'னு சொல்லிட்டான். நான் எட்டு வருசமா காலப் பிடிச்சுக் கேட்டு வராத வார்த்த அது. பைய உக்காந்துட்டேன்." அவர் என் ஈரவேட்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீரும் சும்மா இரும் வே."

எனக்கு உத்தரவு ஏற்கெனவே இருந்தது. சார் கேட்டால்தான் மொழிபெயர்க்க வேண்டும். சார் கேட்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் பள்ளிக்குப் போனபோது உள்ளே இடமில்லை. இடவசதியைப் பற்றி முந்தின வருடம் நான் எழுதிய குறிப்பு அன்றோடு செல்லாமல் போயிற்று. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, சீவி, சந்தைக்குக் குலை கொண்டுபோகிற ஒழுங்கில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நாமம் ஒரு பக்கம், திருநீறு ஒரு பக்கம், கழுத்தில் சிலுவைக் கயிறு ஒரு பக்கம். இரவல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இக்கரைச் சரக்கு. பெற்றோர்கள் சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் பார்வையும் சாரின் மேல்.

சார் பானையை முகர்ந்தார். நகங்களைப் பார்த்தார். அத்தனை சுத்தமான நகங்களை அவர் பார்த்ததில்லை. திருப்தியோடு ஒருத்தியை எழுப்பினார். அது பூமணி. சன்னலுக்கு வெளியே சுயம்பு தொண்டையைச் செருமினார்.

சார் கணக்குக் கேட்பதற்கு முன் சுயம்புவே கேட்டுவிட்டார். "ஏட்டி, ஏழு சீப்பு. சீப்புக்குப் பதிமூணு காய். எம்புட்டு?"

பூமணி சாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "எம்பத்தொம்பது" என்றாள்.

சார் உதட்டுக்குள் பெருக்கினார். "தொண்ணூத்தி ஒண்ணு அல்லே?"

"அது மொத்தம் சார். ரெண்டு அழுகலா இருக்கும்லா? அதத் தள்ளிட்டுத்தான் சொன்னேன்."

சார் மேசையைத் தட்டினார். சன்னலைப் பார்த்து உரக்கச் சொன்னார். "கண்டோ? ஞான் நேத்தே பறஞ்ஞில்லே? கழிவு உண்டு!"

"இல்ல சார்" என்றாள் பூமணி பொறுமையாக. "கழிவத்தான் கழிச்சாச்சே."

சன்னலுக்கு வெளியே செல்லத்தாய் சுயம்புவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இன்னும் கழிவுங்காரு பாத்தியளா? மனுசன் எளவு ஒத்துக்கிடவே மாட்டாரு போல. நாளைக்கும் அனுப்பும். அவரு வாயால தரம்னு சொல்லுகது வரைக்கும் அனுப்பும்."

ஒரு வாரம் சார் அங்கே தங்கினார். ஒவ்வொரு நாளும் மனம் நிறைந்து பாராட்டினார். ஒவ்வொரு நாளும் கூட்டம் கூடியது. திண்ணமாகச் சொல்கிறேன், மாநிலம் முழுவதும் அந்த வாரம் அவ்வளவு கவனமாகக் குளித்த பிள்ளைகள் வேறெங்கும் இருந்திருக்கமாட்டார்கள். இணைப்புக் கோப்பு முடித்துக் கட்டப்பட்டது. ஊர்க்காரர்களிடம் இன்ஸ்பெக்டர் தமிழில் நேரடியாக ஆற்றிய உரையால் வருகை பெருகியது என்று நானே தட்டெழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

சாருக்கு அது பழக்கமாகிவிட்டது. வருகை குறைந்த பள்ளி எதுவாயிருந்தாலும் போய்ப் பேசுவார். கிழக்கே எங்கே பேசினாலும் மறுநாள் பள்ளி நிறையும். இரண்டு இடத்தில் கல்லும் விழுந்தது, குடை தாங்கிக்கொண்டது. மேற்கே, பாதி மலையாளம் பேசும் குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் மட்டும் பேச்சு எடுபடவில்லை. அங்கே எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. கைதட்டினார்கள், இளநீர் கொடுத்தார்கள். மறுநாள் பள்ளியில் யாரும் இல்லை. ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "பிள்ளைக்குக் கழிவு உண்டுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லியாச்சே. பின்ன எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்றார்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சார் கேரளத்துக்கே போவதாக எழுதிக் கொடுத்தார். பிரிவுபசாரத்துக்குச் சுயம்பு ஒரு செந்துளுவன் வாழைக்குலையோடு வந்திருந்தார். பூமணி அப்போது அக்கரை தாண்டி நடுநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மலையாளமும் ஒரு பாடம். சார் குலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மகளை விசாரித்து, "அவள்க்கு நல்ல கழிவு உண்டு" என்றார்.

"உங்க புண்ணியம் சார்" என்று சுயம்பு கும்பிட்டார்.

நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "அர்த்தம் தெரியுமா வே?"

"பிள்ள அஞ்சாங்கிளாசு போன வருசமே சொல்லிட்டா."

"பின்ன ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லலயா?"

சுயம்பு என்னை ஒரு கழிவுக் காயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சொன்னா பிள்ளையள அனுப்புவானுவளா வே?"

அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து வந்தவர். நல்ல தமிழ், கணீரென்ற குரல். மருதங்குடியிருப்புப் புளியமரத்தடியில் நின்று, இவ்வூர்க் குழந்தைகள் மிகுந்த திறமைசாலிகள் என்றார். ஒரு சொல்லும் தவறாமல் எல்லோருக்கும் புரிந்தது. இளநீர் கொடுத்தார்கள். மறுநாள் பள்ளி பாதி காலி.

பொன்னையா சார் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். "நம்ம மாதவன் பிள்ளை சாரு இப்பொ எங்க இருக்காரு? ஒருக்கா வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவச் சொல்ல முடியுமா?"

வேறு மாநிலத்து அதிகாரியை அழைக்க விதியில் இடமில்லை என்றேன். அவர் தம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கினார்.

காரியத்தைச் சுயம்புதான் கையில் எடுத்தார். ஊர்ச் சந்தியில் நின்றுகொண்டு, "ஏலே, பழைய சாரு போற அன்னைக்கு நம்ம பிள்ளையளப் பத்தி என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? அதே வார்த்தை!" என்று மட்டும் சொன்னாராம். அந்தத் திங்கட்கிழமை பள்ளியில் உட்கார இடமில்லை என்று பொன்னையா சார் எழுதியிருந்தார். கூடுதலாக ஒரு பெஞ்சும் கேட்டிருந்தார்.

ஆகவே தம்பி, மேலிடத்துக்கு எழுதும் விளக்கத்தில் இதைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் இணைக்க வேண்டாம்.